சகல ஸ்தோத்திரங்களும்

"அந்தச் சீட்ட அடுப்புல போடு" என்றான் தானியேல்.

சுந்தரி போடவில்லை. நாலாக மடித்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தானியேல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அடிக்கிற ஆள் இல்லை அவன். சர்தார் பாஷாவின் தோல் கிடங்கில் இருபது வருஷமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஏறி, கோபப்படுவதற்குக்கூட இப்போதெல்லாம் அவனுக்கு அலுப்பாயிருந்தது.

"நல்லது நடந்தா வூட்டோட வெச்சிக்கணும். வெளில சொன்னா பேஜாரு."

"நம்ம கோயிலு எப்படியா வெளிய ஆவும்?"

"நாம குந்திக்கினு கீற மனை மிஷன் மனை. அத மட்டும் மறந்துடாத" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

சீட்டில் இருந்தது திருட்டுச் சங்கதி ஒன்றுமில்லை. 'கிடங்குத் தெரு தானியேலின் மனைவி சுந்தரியாகிய நான், இரண்டு வருஷம் சாயங்காலப் பள்ளியில் கற்று, மாற்கு சுவிசேஷம் முழுவதையும் பிறர் உதவியின்றி வாசித்து முடித்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.' அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயதில், பகலெல்லாம் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக் காய்த்துப்போன கையால் அவளே எழுதியது. மூன்று தாள் பாழாகி, நாலாவது தாளில்தான் வரி நேராக வந்தது.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருந்தது அந்தக் கோயில். 1929ஆம் வருஷம் அது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு வழக்கம் உண்டு. சபையாரில் யாருக்காவது நன்மை நடந்திருந்தால், அதை ஒரு சீட்டில் எழுதி வாசலிலிருக்கிற மரப்பெட்டியில் போடுவார்கள். உபதேசியார் அவற்றை ஒரு பட்டியலாக எழுதிக் கொடுப்பார். பாதிரியார் ஜெயகரன் ஐயர் பிரசங்கத்துக்குப் பிறகு பீடத்தில் நின்று அதை ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். ஒருவர் வீட்டுச் சந்தோஷம் எல்லோருடைய சந்தோஷமாகிவிடும். நல்ல வழக்கம்தான். யார் குறை சொல்ல முடியும்?

உபாத்தியாயர் ஞானாபரணம் வீட்டுப் பசு வெள்ளச்சி சுகமாகக் கன்று ஈன்றதற்கு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறது அந்தச் சபை. போஸ்ட்மாஸ்டருடைய குடை ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் காணாமல் போய் மறுநாளே கிடைத்ததற்கும் சொல்லியிருக்கிறது. சமையலில் உப்புச் சரியாக விழுந்ததற்கு மட்டும்தான் இன்னும் யாரும் சீட்டுப் போடவில்லை.

இவர்களெல்லாம் முன்னால் பெஞ்சில் உட்காருகிறவர்கள். ஞானஸ்நானம் வாங்கும்போது பழைய தெய்வங்களை விட்டார்கள், பழைய பேரை விட்டார்கள், சாதியை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். தூணுக்குப் பின்னால் பாயில் உட்காருகிறவர்கள் கிடங்குத் தெருக்காரர்கள். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் நாறுகிறது என்பது சொல்லிக்கொள்கிற காரணம். நாற்றம் அடிக்காத நாளிலும் பாய் நகர்ந்ததில்லை.

கிடங்குத் தெருக்காரர்களும் சீட்டுப் போடலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் பட்டியலின் கடைசியில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரிதான் வரும். "கிடங்குத் தெரு சபையாரின் சகல ஸ்தோத்திரங்களுக்காகவும்." காலராவில் பிழைத்த குழந்தை, தொட்டியில் விழுந்து கண் தப்பியவன், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு சூல் கொண்டவள், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

முன்பு இப்படி இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கிடங்குத் தெரு மாசிலாமணியின் கோழி பதினாலு குஞ்சு பொரித்ததற்காக ஐயர் பேர் சொல்லி வாசித்துவிட்டார். முன்பெஞ்சு மூப்பர் ஒருவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பேரும் மாசிலாமணி. தன் தகப்பனார் பேரைக் கோழிக்குஞ்சோடு சேர்த்துக் கேட்க நேர்ந்ததில் மூப்பருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கமிட்டி கூடிற்று. ஆள் குழப்பம் வராமலிருக்கக் கிடங்குத் தெருப் பேர்களை இனி வாசிப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. அன்று அடைத்த வாய்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பிறந்த எந்தப் பேரும் பீடத்திலிருந்து கேட்டதில்லை.

சுந்தரிக்கு வேண்டியிருந்ததெல்லாம் தன் பேரை ஒரு தரம் அங்கிருந்து கேட்க வேண்டும் என்பதுதான். சபைப் புத்தகத்திலேயே அவள் 'தானியேல் பெண்சாதி'. கிடங்கில் அவள் 'பட்டை இடிக்கிறவ'. படித்தவள் சுந்தரி. படித்ததைச் சொல்லும்போதாவது அந்தப் பேர் வர வேண்டாமா?

கிடங்கில் இந்தச் சங்கதி சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. மேஸ்திரி வாஹித் பாஷா நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்து நோட்டீஸை எடுத்து நீட்டி, "எங்க, படி பாக்கலாம்" என்றார். சுந்தரி உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, "சீதபேதி, வாயு, பித்த மயக்கம், நாள்பட்ட இருமல்" என்று எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள்.

"அரே, நெஜமாவே படிக்குதே இந்தப் பொம்பள!" என்று அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். எதிர்க்கடையிலிருந்து சர்க்கரை வாங்கி வரச் சொல்லி, "இன்னிக்கி நம்ம கிடங்குக்கே சந்தோசம், சாப்டுங்க" என்று பட்டை இடிக்கிற பெண்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். ரோஸ் தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டு, "நாளைக்கிக் கோயில்ல உன் பேரப் படிப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். சுந்தரிக்கு அடுத்த உரல் ரோஸ். கோயிலில் அடுத்த இடமும் அவள்தான்.

"படிப்பாங்க" என்றாள் சுந்தரி.

மறுநாள் காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஐசக் உபதேசியார் நின்றிருந்தார். அவர் பிறந்ததே கிடங்குத் தெருவில்தான். கோயிலில் அவருக்குப் பெஞ்சும் இல்லை, பாயும் இல்லை. தூணோரம் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார இடம் கிடைத்ததற்காகப் பல விஷயங்களில் அவர் வாயைத் திறப்பதில்லை.

சுந்தரி நீட்டிய சீட்டைப் பிரித்துப் பார்த்தார். "யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான்."

இன்னொரு தரம் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் கீது."

"பேரோட படிக்கச் சொல்லுங்க உபதேசியாரே. பெருசா ஒண்ணும் வேணாம். பேரு மட்டும்."

"என் கையில இன்னாமா கீது? அவங்க சொல்றத நான் எழுதறேன். அவ்ளோதான்." சொல்லும்போது அவர் சுந்தரியைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

அன்றைய பட்டியலில் ஒன்பது ஸ்தோத்திரங்கள். ஒருவருடைய மருமகளுக்கு அணைக்கட்டு ஊருக்கு வேலை மாற்றம். ஒருவருக்குப் பல்வலி நின்றது. ஒருவருடைய மாமரம் காய்த்தது. சபை ஒவ்வொன்றுக்கும் "ஸ்தோத்திரம்" என்றது. சுந்தரியும் சொன்னாள். அந்தப் பல்வலி நின்றதில் அவளுக்கு வருத்தமா என்ன?

"கிடங்குத் தெரு சபையாரின் சகல ஸ்தோத்திரங்களுக்காகவும்" என்று வாசித்துவிட்டு ஐயர் தாளை மடித்தார்.

அப்போது சுந்தரி எழுந்து நின்றாள். தைரியம் வந்து எழுந்தாள் என்று எழுதினால் அது பொய். தைரியமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தாள். அதுகூட அங்கே இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. கால்கள் மட்டும் எழுந்து நின்றன.

"சுந்தரி. கிடங்குத் தெரு தானியேல் பொஞ்சாதி. ரெண்டு வருசம் சாயங்காலப் பள்ளிக்கோடம் போனேன். மாற்கு சுவிசேசம் பூரா நானே படிச்சி முடிச்சிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முன்பெஞ்சில் தலைகள் திரும்பின. யாரும் பதிலுக்கு ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாயில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ரோஸும்தான். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை கமிட்டி கூடிற்று. வெள்ளிக்கிழமை ஐசக் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஆராதனைய குலைச்சிட்டன்னு எழுதிக்கீறாங்க. ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துடு, முடிஞ்சி போவும். அதான் எழுதத் தெரியுமே உனக்கு."

"இன்னான்னு எழுதறது? படிச்சது தப்புன்னா? சொன்னது தப்புன்னா?"

"படிச்சத யாரு தப்புன்னா? நம்ம மிஷனு பள்ளிக்கோடம்தான? சொன்னதுதான் தப்பு."

"பல்வலி நின்னுட்டத சொல்லலாமா?"

"அத ஐயரு சொன்னாரு. நீயே எழுந்துக்கினா சொல்றது?"

"அவர் சொல்லாங்காட்டிதான நான் சொன்னேன்?"

உபதேசியார் தலையைச் சொறிந்துகொண்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, சுண்ணாம்பு தின்ற கால்விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தானியேல் நிமிர்ந்து பார்த்தான். "எழுதலன்னா இன்னா பண்ணுவாங்க? மனைய எடுத்துக்குவாங்களா?"

"சேச்சே. ஆறு மாசம் ராப்போஜனப் பந்திக்கு வராத நிறுத்துவாங்க. மத்தபடி கோயிலுக்கு வரலாம், பாயில குந்தலாம்."

தானியேல் யோசித்தான். பந்தியில் ஒரே கிண்ணத்துத் திராட்சரசத்தைப் பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் குடித்து முடித்த பிறகு அடியில் மிஞ்சுகிறதுதான் பாய்க்காரர்களுக்கு வரும். அது அவனுக்கும் தெரியும், உபதேசியாருக்கும் தெரியும்.

"அப்ப நிறுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்கு எண்ணெய் எடுத்தான். மனைவிக்காகப் பேசினானா, மனை தப்பியதே போதும் என்று பேசினானா, சுந்தரிக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. சோறு பொங்கிவிட்டிருந்தது, போய் வடித்தாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்தது. ஸ்தோத்திரப் பட்டியல் முடிந்தது. கிடங்குத் தெருவின் ஒற்றை வரியும் முடிந்தது. ஐயர் இன்னொரு தாளை எடுத்தார். ஒழுங்கு நடவடிக்கைத் தாள் அது. அதற்கு வேறு விதிகள் உண்டு. தண்டனையில் ஆள் மாறிப்போய்விடக் கூடாது. ஆகையால் பேர், புருஷன் பேர், தெரு எல்லாம் விளங்க வாசிக்க வேண்டும். செய்த குற்றத்தையும் மூடி மறைக்காமல் முழுக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தாளை எழுதியவர் ஐசக் உபதேசியார். குற்றத்துக்கு அத்தாட்சியாகச் சுந்தரியின் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினார். வேண்டுமென்றே எழுதினாரா, வழக்கம்போல் நகல் எடுத்தாரா என்பது அவருக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்.

ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசிப் பாய் வரைக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்.

"கிடங்குத் தெரு தானியேலின் மனைவி சுந்தரி, தான் இரண்டு வருஷம் சாயங்காலப் பள்ளியில் கற்று, மாற்கு சுவிசேஷம் முழுவதையும் பிறர் உதவியின்றி வாசித்து முடித்ததை, சபை நடுவே தானே எழுந்து நின்று சத்தமாய் அறிவித்து, ஆராதனை ஒழுங்கைக் குலைத்தபடியால், ஆறு மாத காலம் கர்த்தருடைய பந்தியிலிருந்து விலக்கப்படுகிறாள்."

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு கிடங்குத் தெருவின் ஒரு பேர் பீடத்திலிருந்து கேட்டது. அவமானம் வரும் என்று சுந்தரி காத்திருந்தாள். வரவில்லை. சந்தோஷம் வருமோ என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. பேர் மட்டும் காதில் இருந்தது.

பந்திக்கு முன்பெஞ்சுக்காரர்கள் எழுந்து போனார்கள். பிறகு பாய்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தானியேலும் எழுந்து போனான். சுந்தரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் எழாமல் உட்கார்ந்திருந்ததைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தாள்.

"நீ இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? போ" என்றாள் சுந்தரி.

ரோஸ் போகவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே, "எல்லாத்தையும் படிச்சிட்டாருக்கா. ஊரு, பேரு, மாற்கு, ஒண்ணு வுடல" என்றாள்.

"ஆமா. கடைசில ஸ்தோத்திரம்னு மட்டும் சொல்லல."

"அத நான் சொல்றேன்" என்றாள் ரோஸ். சொன்னாள். முன்பெஞ்சு வரைக்கும் கேட்டது.