மஞ்சள் மாளிகையும் வாலில்லாப் பூனையும்

கனடாவின் மார்க்கம் நகரில் தியாகலிங்கத்தின் வீட்டு பேஸ்மென்ற், நிலத்தடி அறை. ஞாயிறு மத்தியானம். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்று திரையாகத் தொங்கியது. அதன் முன்னால் தூக்குமேடைக்கு இழுத்து வரப்பட்டவரைப் போல ஸ்ரீதரன் நின்றார்.

செய்த குற்றம், பதினைந்து வருடமாகச் சொன்ன ஒரே பொய். "சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கோ? அது எனக்கு உள்ளங்கை மாதிரி. கனடாவுக்கு வர முதல் அங்கைதான் இருந்தனான்."

இருந்தது உண்மை. கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்ற் அவரை ஒரு நாலாம் மாடி வீட்டில் இறக்கி, வெளியால் பூட்டிவிட்டுப் போனான். ஒரு முழுக் குளிர்காலம் உள்ளேதான். ஜன்னல்களில் பேப்பர் ஒட்டியிருந்தது. குளிக்கும் தொட்டியின் விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தால் கொஞ்சம் வானம், கொஞ்சம் நகரம். அந்தச் சரித்திரப் புகழ் பெற்ற ஊரில் அவர் மொத்தமாக நடந்தது, வீட்டு வாசலிலிருந்து ஏஜென்றின் வான் வண்டிக் கதவு வரைதான்.

அந்தப் பொய்யை ஊதிப் பெருக்கியவள் மனைவி மங்கையற்கரசி. அண்ணன் தியாகலிங்கத்துக்கு மார்க்கத்தில் தனிவீடு. அவளுக்கு ஸ்காபரோவில் அப்பார்ட்மென்ற். "உனக்கு வீடு இருக்கு அண்ணை. எனக்கு உலகம் பார்த்த மனிசன் இருக்கிறார்" என்பாள். அந்த ஒரு வசனத்தில்தான் அவள் தலை நிமிர்ந்து நின்றது. இன்று அது முறிந்தால், இனி அண்ணன் வீட்டுப் படி ஏறமாட்டாள். ஸ்ரீதரனையும் ஏறவிடமாட்டாள்.

இலங்கையில் சண்டை முடிந்து ஒரு வருடம். அத்தனை காலமும் செய்திக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சனம், உல்லாசப் பயணம் என்ற சொல்லை இப்போதுதான் கூச்சமில்லாமல் உச்சரித்தது. மற்றவர்கள் ஊருக்கு ரிக்கற் போட, தியாகலிங்கம் மட்டும் ரஷ்யா என்றார். "வழி காட்டத்தான் மச்சான் இருக்கிறாரே."

இன்றைய விளக்கக் கூட்டம் அதற்குத்தான். போதாததற்கு ஒரு சாட்சியையும் பிடித்து வந்திருந்தார். மிசிசாகாவிலிருந்து கஸ்பர், தியாகலிங்கத்தோடு வேலை செய்பவர். அவரும் அந்த ஊரில் இருந்தவராம். பிழை விட்டால் திருத்துவாராம். கஸ்பர் மனைவி பேர்ணடெற்றுக்குப் பக்கத்தில் வேட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்முதல் போறாக்கள் என்னத்தைக் கவனிக்கோணும் மச்சான்? வடிவாச் சொல்லுங்கோ" என்று தியாகலிங்கம் தொடக்கி வைத்தார்.

ஸ்ரீதரன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "முதலாவது, கதவு. பெல் ஒருக்கா அடிச்சால் திறக்கக் கூடாது. ரெண்டு தரம் அடிச்சு, நிப்பாட்டி, பிறகு ஒருக்கா அடிச்சால் திறக்கலாம்."

"ஹோட்டலிலயோ?"

"எங்கையும்தான். அடுத்தது, படியில இறங்கேக்க தமிழ் கதைக்கக் கூடாது."

"ஏனாம்?"

"அங்கத்தைய மரியாதை அப்பிடி. பிறகு, ஹீற்றருக்கு மேல போட்டால் சேட் கெதியாக் காயும்."

தியாகலிங்கத்தின் மகள் நிலாணி லப்ரொப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அங்கிள், லோண்ட்ரி ஓகே. சைற்சீயிங்? வின்ரர் பலஸ் என்ன கலர்?"

ஸ்ரீதரன் மனைவியைப் பார்த்தார். அவள் தாடையை உயர்த்திக்கொண்டு இருந்தாள். மாளிகை என்றால் என்ன நிறமாக இருக்கும்? "மஞ்சள்" என்றார்.

நிலாணி ஒரு தட்டுத் தட்டினாள். புரொஜெக்ரர் வெளிச்சத்தில் வேட்டியில் மாளிகை எழுந்தது. பச்சைப் பசேல் என்று.

தியாகலிங்கம் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "மச்சான், உது பச்சையெல்லோ. உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் அங்கை என்னத்தைத்தான் பார்த்தனீங்கள்?"

தப்ப வழியில்லை. பார்த்ததையே சொன்னார். "தூரத்தில ஒரு தங்கக் கோபுரம். உரிச்ச வெங்காயம் மாதிரி. அதுக்கு முன்னால ஒரு கூரை. கூரையில ஒரு கறுப்புப் பூனை. வாலில்லை."

கஸ்பர் எழுந்தார்.

"அந்தப் பூனைக்கு" என்றார் கஸ்பர் மெதுவாக, "இடது காதும் கிழிஞ்சிருக்கும்."

அந்தப் பூனை உலகத்தில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் தெரியும். அந்தத் தொட்டி விளிம்பிலிருந்து.

"எங்கட காலத்தில மாளிகை மஞ்சள்தான் தியாகு" என்று கஸ்பர் தொடர்ந்தார். நெற்றியில் வியர்வை. "பச்சை அடிக்க முதல் அடிப்பூச்சு, அண்டர்கோட், அடிச்சிருந்தவங்கள்."

"ஓம், அண்டர்கோட்" என்று ஸ்ரீதரன் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

தியாகலிங்கம் பெயின்ற் ஃபக்ரறியில் சுப்பர்வைசர். அண்டர்கோட் என்ற சொல்லுக்கு அவரிடம் மறுபேச்சுக் கிடையாது. "அதுதானே பார்த்தன். அத்தனை பெரிய சுவருக்கு அது இல்லாமல் ஏலாது" என்று தலையாட்டியவர், அடுத்த குண்டைப் போட்டார். "அப்ப நீங்கள் ரெண்டு பேரும்தான் கைட். அங்கத்தைய ஆள் வேண்டாமெண்டு இண்டைக்கே சொல்லிவிடுறன்."

வீட்டு முன்னால், கார் நிற்கும் ட்ரைவ்வேயில் இரண்டு கைட்மாரும் சந்தித்தார்கள்.

"அண்ணை எந்த அறை?" என்றார் கஸ்பர்.

"குசினிக்குப் பக்கத்தது. நீங்கள்?"

"அதேதான். உங்களுக்குப் பிறகு வந்த குறூப். தொட்டி விளிம்பு வழுக்கும், கவனமெண்டு சுவரில ஆரோ தமிழில கீறி வைச்சிருந்தது."

"அது நான்தான்."

கஸ்பர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அது பெரிய உதவி அண்ணை. சரி, வீதியின்ர பேர் தெரியுமோ?"

"வீதியே தெரியாது. வீட்டுக்குள்ள விட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பன்."

பக்கத்தில் கார் ஹோர்ன் அடித்தது. மங்கையற்கரசி ஸ்ரியரிங்கில் இருந்தாள். "ரெண்டு பேரும் ஏறுங்கோ. லைப்ரரி பூட்ட முதல் போகோணும். ரஷ்யாப் புத்தகம் முழுக்க எடுத்துப் பாடமாக்கிறியள்."

ஸ்ரீதரன் விழித்தார். "உமக்கு… எல்லாம் தெரியுமோ?"

"பதினைஞ்சு வருசமா நித்திரையில 'பெல் அடிக்குது, திறக்காதேங்கோ' எண்டு கத்துற மனிசன் எந்த மாளிகையைப் பார்த்திருப்பார்?"

"பேர்ணடெற்றுக்கு ஒண்டும் தெரியாது" என்று கஸ்பர் தாழ்ந்த குரலில் கெஞ்சினார்.

"அவதான் உங்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவ" என்றாள் மங்கையற்கரசி, காரை ரிவேர்ஸ் எடுத்தபடி. "அண்ணைக்கு மட்டும் மூச்சு விடாதேங்கோ. இப்ப ரெண்டு பேரும் சொல்லுங்கோ பாப்பம். மாளிகை என்ன கலர்?"

"பச்சை" என்றார்கள் இருவரும்.