குழாய்ப் பித்தளை

“பித்தளை! குழாய்!” என்று அவள் சத்தமாகச் சொல்லிவிட்டாள். கிடங்கில் சொல்கிற அதே குரல், அதே இழுப்பு. சொன்ன பிறகுதான், நிற்பது கிடங்கில் இல்லை, மாமனார் வீட்டுக் கூடத்தில் என்பது உறைத்தது. கையிலிருந்த துப்பாக்கியின் மூக்குக்குக் கீழே, மேஜை விரிப்பின் மேல் கிடந்தது மாமனாரின் வீரப் பதக்கம். வார்த்தையைத் திருப்பி வாங்கி விழுங்க முடிந்திருந்தால் அப்போதே விழுங்கியிருப்பாள்.

துப்பாக்கி என்றால் சுடுகிற துப்பாக்கி இல்லை. பழைய உலோகக் கிடங்கில் அந்தக் கருவிக்கு அதுதான் பெயர். ஒரு பொருளின் மேல் வைத்து விசையை அழுத்தினால், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று சின்னத் திரையில் காட்டும். செம்போடு வெள்ளீயம் இருந்தால் வெண்கலம், துத்தநாகம் இருந்தால் பித்தளை, அதோடு கொஞ்சம் ஈயமும் சேர்ந்திருந்தால் தண்ணீர்க் குழாய்க்கு வார்க்கிற பித்தளை. அவள் பார்த்துக் கத்த வேண்டும். ‘தராசு’ என்று எல்லோரும் கூப்பிடுகிற எடைக்காரர் அதைக் கேட்டு அந்தந்தத் தொட்டியில் எறிய வேண்டும். கருவியை வைத்துப் பார்க்கிறவள் என்பதால் அவளை அவர் ‘டாக்டரம்மா’ என்பார். வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. வருஷக்கணக்காகக் கத்தியதில், கண் திரையைப் பார்த்ததும் வாய் தன்னால் திறந்துகொள்ளும்படி ஆகிவிட்டது. பேருந்தின் கைப்பிடிக் கம்பிக்குக்கூடப் பூர்வீகம் சொல்கிறவள் என்று கணவன் கேலி செய்வான். அந்தக் கேலி அவளுக்குப் பிடிக்கும். அன்று வரை பிடித்திருந்தது.

மறுநாள் வேறு கிடங்குக்கு நேராகப் போக வேண்டியிருந்ததால் கருவியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று நாத்தனாரும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். சும்மா இருக்கிற சங்கை ஊதிப் பார்க்கிற ஆள். நாத்தனாரின் வளையலை முதலில் வைத்துப் பார்த்தார்கள். சுத்தத் தங்கம் என்று வந்ததும் நாத்தனாருக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்து தலைமை ஆசிரியரின் பார்வை சுவரில் தொங்கிய பதக்கத்தின் மேல் போயிற்று.

“ஏம்மா, உன் துப்பாக்கிய மாமாவோட பீரங்கி மேல வையேன். எது ஜெயிக்குதுன்னு பாப்போம்.”

அந்தப் பதக்கத்தின் கதை தெரியாதவர்கள் ஊரில் இல்லை. என்றோ நடந்த ஒரு போரில் எதிரியிடமிருந்து பிடுங்கிய பீரங்கியை உருக்கி, அந்த வெண்கலத்தில்தான் வீரப் பதக்கங்களை வார்க்கிறார்கள், வேறு பொட்டு உலோகம் சேர்ப்பதில்லை என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லைச் சண்டையில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது லாரியிலிருந்து காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிப் போனதற்காக மாமனாருக்குக் கொடுத்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், “என் நெஞ்சுல தொங்கறது எதிரியோட பீரங்கிடா கண்ணுங்களா” என்று அவர் சொன்னால் ஒலிபெருக்கி தேவைப்படாது. அன்று மட்டும், “அதெல்லாம் எதுக்கு, டீ ஆறிப்போகுது” என்றார். இரண்டாவது முறையும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அவளும்தான்.

அவள் கத்தியதைக் கேட்டு, “என்னது?” என்றாள் நாத்தனார்.

“மிஷின் ஏதோ கோளாறு அண்ணி.”

“இப்பத்தான என் வளையலச் சரியாச் சொல்லிச்சு?”

மாமனார் டீக் குவளையைக் கீழே வைத்தார்.

“மிஷின் சரியாத்தான் சொல்லுது. அசல நான் வித்துட்டேன். இது செய்யச் சொல்லி வாங்கினது.”

“வித்துட்டீங்களா? எதுக்குப்பா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “கைச்செலவுக்கு.”

நாத்தனார் எழுந்து நின்றாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்ததில் வார்த்தைகள் இடித்துக்கொண்டு வெளியே வந்தன. “இத மாட்டிக்கிட்டுத்தான ஊர் ஊராப் போனீங்க? என் பொண்ணு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாளே! இவ்வளவு நாளா பித்தலாட்டமா பண்ணிட்டிருந்தீங்க?” அந்த வார்த்தைக்குள்ளேயே பித்தளையின் சத்தம் கேட்பதை மருமகளான அவள் அதற்கு முன் கவனித்ததில்லை. துப்பாக்கியைப் பைக்குள் திணித்தாள். பையின் வாய் மூடவே மாட்டேன் என்றது.

பிறகு நடந்ததெல்லாம் நாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆண்டு விழாவுக்கு மாமனாரை அழைத்திருந்த தலைமை ஆசிரியர், அவருக்குப் பதில் பல் டாக்டர் ஒருவரைப் பிடித்துவிட்டதாகப் போனில் சொன்னார். பூங்காவில் சாயங்காலம் கூடுகிற கிழவர்கள் கூட்டத்துக்கு மாமனார் போவதை நிறுத்தினார். கணவன், “சாப்டாச்சா” என்பதற்கு மேல் அப்பாவிடம் பேசுவதில்லை. சுவரில் பதக்கம் தொங்கிய இடத்தில் வெளுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. ஒரு மனிதரின் மானத்தை ஒரு வார்த்தையில் எடை போட்டுத் தொட்டியில் எறிந்த மாதிரி ஆகிவிட்டது. மாமனாரோ அவளிடம் முகம் சுளிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து மாத்திரை அட்டைகள் இருந்த ஒரு பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். “வேலை முடிஞ்சு வர்ற வழியில டிரைவர் வீட்ல குடுத்துடும்மா. எனக்குக் கால் வலிக்குது.”

அவருடைய காலில் ஒரு வலியும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த லாரியை ஓட்டியவரைத்தான் டிரைவர் என்பார். குண்டு பட்ட பிறகும் லாரியைத் திருப்பி மறைவில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்து செத்துப்போனவர். இரண்டு பேருக்கும் ஒரே பதக்கம், ஒரே நாளில். டிரைவருடையதை அவர் மனைவி போய் வாங்கினாள். அந்த அம்மாளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதை மாமனார் இதுவரை யாரிடமும் விட்டதில்லை.

டிரைவரின் மனைவி ஒற்றை அறையில் தையல் மிஷினோடு இருந்தாள். காது மந்தம். மிஷினுக்கு நேர் எதிரே, தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுகிற உயரத்தில், கண்ணாடிப் பெட்டியில் பதக்கம். பொட்டலத்தைப் பார்த்தாள், ஆனால் கை நீட்டவில்லை.

“அண்ணன் வரலையா? எப்படி வருவாரு. ஊரே பேசுது. நானும் நம்பாமத்தான் இருந்தேன்.” துணியிலிருந்து நூலைப் பிய்த்தாள். “என் வீட்டுக்காரரோட லாரியில போனவரு. அவரு செத்த எடத்துல நின்னவரு. அவருக்குப் போய் இத விக்க மனசு வந்துச்சா? மாத்திரைய எடுத்துட்டுப் போம்மா.”

அவள் நின்ற இடத்திலேயே கூனிக் குறுகினாள். டிரைவரின் மனைவி எழுந்து, பெட்டியைத் திறந்து, பதக்கத்தை முந்தானையால் துடைத்து அவள் கையில் வைத்தாள்.

“உன் மிஷினு சொல்லுமாமே. இதையும் பாரு. என் வீட்டுக்காரர சாகடிச்சது பீரங்கி. அந்த மாதிரி ஒரு பீரங்கிய உருக்கித்தான் அவரு பேர அடிச்சுக் குடுத்திருக்காங்க. அத நெனச்சுத்தான் தினம் தூங்கறேன். இது அசலுதான்னு ஒரு தடவ என் காதால கேட்டுக்கறேன்.”

பதக்கத்தைத் திருப்பியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்பக்கம் அடித்திருந்த பெயரில் ஒரு எழுத்துக்குக் கால் உடைந்திருந்தது. மாமனாருடைய பதக்கத்தைத் துடைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள், அதிலும் அதே எழுத்து, அதே உடைந்த கால். ஒரே அச்சு. போலி செய்கிறவன் எழுத்தை ஒழுங்காக அடித்திருப்பான். மாமனார் எதையும் விற்கவில்லை. வீட்டிலிருப்பது அரசாங்கம் கொடுத்த அதே பதக்கம். பீரங்கி எப்போதோ தீர்ந்துபோயிருக்க வேண்டும், அல்லது பீரங்கி என்று ஒன்று இருந்ததே இல்லையோ என்னவோ. யாரோ ஒருவன் கைக்குக் கிடைத்த குழாய்களை உருக்கி ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். இது தெரிந்தேதான் அவர் தன்னைத் திருடனாக்கிக்கொண்டிருக்கிறார். தன் பதக்கம் பித்தளை என்றால் இந்த அம்மாளுடையதும் பித்தளைதானே.

அன்றும் பையில் இருந்த துப்பாக்கியை எடுத்துப் பதக்கத்தின் மேல் வைத்து விசையை அழுத்தினாள். செம்பு, துத்தநாகம், கொஞ்சம் ஈயம். திரை துளிக்கூட மாற்றிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால் மாமனார் இந்த நிமிஷமே நல்லவராகிவிடுவார், பொட்டலம் ஏற்கப்படும், பூங்காவுக்கு மறுபடி போவார். வாய் பழக்கத்தில் திறந்தது. அவள் அதைக் கெட்டியாக மூடினாள்.

“வெண்கலம்மா” என்றாள்.

“சத்தமாச் சொல்லும்மா, கேக்கல.”

“வெண்கலம்! பீரங்கி!”

கிடங்குக் குரல்தான் வந்தது. அந்த அறைக்கு அது மிகப் பெரிதாக இருந்தது. டிரைவரின் மனைவி பதக்கத்தை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. “எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு கதவு வரை வந்து, “அண்ணன்தான் இப்படி ஆயிட்டாரு” என்று சொல்லிப் பொட்டலத்தைத் திரும்ப அவள் பைக்குள் போட்டாள்.

மாமனார் பின்பக்கம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அந்தம்மா பாக்கச் சொல்லிச்சா?”

“ஆமா மாமா.”

“என்ன சொன்னே?”

“வெண்கலம்னு.”

அவர் கையிலிருந்த சட்டையை மடித்தார். சரியாக வராமல் மறுபடி பிரித்து மடித்தார். “நல்லதும்மா. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஊக்கு விட்டுப்போச்சுன்னு பத்த வைக்கக் குடுத்தேன், அந்த ஆளு சொன்னான் இது பித்தளைன்னு. அதுக்கப்புறமும் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க முன்னாடி நின்னு பீரங்கி பீரங்கின்னு கூசாமச் சொன்னேன் பாரு. இந்தத் திட்டுல பாதி எனக்குச் சேர வேண்டியதுதான்.”

“வீட்லயாவது சொல்லிடறேன் மாமா. உங்க பிள்ளைகிட்ட மட்டும்.”

“அவன் அக்காகிட்ட சொல்லாம இருப்பானா? அவ காதுல விழுந்தா தையல் மிஷினுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?” சிரிக்கப் பார்த்தார். “விடும்மா.”

அந்த ‘விடும்மா’வில் பழைய குரல் இல்லை. தன்னை ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்று அவரிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் ஆறுதல் சொல்வார். அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு முகம் இல்லை.

மறுநாள் காலையில் கிளம்பும்போது கணவன் பதக்கத்தைக் கொண்டுவந்து அவள் பையில் போட்டான். “உங்க கிடங்குல எடைக்குப் போட்டுடு. இனிமே இது என் கண்ணுல படக் கூடாது.” அவள் வாயைத் திறந்தாள். மாமனார் கதவுக்கு அந்தப் பக்கம் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து ஒரு வண்டி நிறையக் குழாய்கள் வந்திருந்தன. மேஜை மேல் கொட்டிப் பரப்பினார்கள். அவள் பையிலிருந்து துப்பாக்கியை உருவும்போது அதன் வார் எதிலோ சிக்கியது. வேகமாக இழுத்தாள். ஏதோ விழுந்த சத்தம் இரைச்சலில் கேட்கவில்லை. குழாய்களின் மேல் துப்பாக்கியை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள், குரல் கொடுத்துக்கொண்டே போனாள், தராசும் எடுத்து எடுத்து எறிந்துகொண்டே வந்தார்.

“டாக்டரம்மா, இது என்ன?”

நிமிர்ந்தாள். தராசின் எண்ணெய்க் கையுறையில் பதக்கம் இருந்தது. நாடா கீழே தொங்கியது. வெட்டும் இயந்திரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அது தெரியாமல் அவள் வழக்கம்போலவே கத்தினாள்.

“அது எங்க மாமாவோடது!”

கிடங்கு முழுக்கக் கேட்டது. கம்பி வளைக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“யாரோடதா இருந்தா என்னம்மா” என்றார் தராசு. “என்னன்னு சொல்லுங்க.”

ஒரு பக்கம் வெண்கலத் தொட்டி, மறு பக்கம் பித்தளைத் தொட்டி. எறிவதற்குத் தயாராகக் கையை நீட்டியபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு அவர் நடுவில் நின்றார்.