பறியைக் கடித்துக்கொண்டு போனவள்

பழவேற்காட்டு ஏரியில் தனக்கோடியின் மணல்மேட்டைச் சுற்றி முழங்கால் தண்ணீர்தான். ஆனால் அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று யாராவது போனால் அது கழுத்துக்கு ஏறிவிடும். ஒல்லாந்தர் கோட்டையில் கொடி பறந்த காலத்தில், பெரும் பஞ்சம் முடிந்த வருடம் இது தொடங்கியது. பஞ்சத்தின்போது கப்பல் தரகன் ஒருவன் கடற்கரையில் அண்டா வைத்து, "சோறு இருக்குது, வாங்க" என்று கூவினான். தனக்கோடிக்குக் காய்ச்சல். "நைனாவோட போய் சாப்ட்டு வாடி" என்று எட்டு வயது மகள் லட்சுமியைப் புருஷனோடு அவள்தான் அனுப்பிவைத்தாள். சாப்பிட்டவர்களை எல்லாம் அடிமையாக விற்கக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். போனது போனதுதான். பாவம், அதற்கப்புறம் ஏரி நடுவே குடிசை போட்டுக்கொண்டு அவள் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

ஊரார் கொஞ்ச நாள் அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டினார்கள். பிறகு வாடைக்காற்றைப் போல அதையும் ஒத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். ஏழாம் வருடம் தனக்கோடியின் விரல்கள் மடங்காமல் போயின. சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துத்தான் அவள் வயிற்றைக் கழுவிவந்தாள். விரல் போனால் உயிரும் போகும். பக்கத்துக் குப்பத்து ரங்கம்மாள் மனசு கேட்காமல் சோற்றுச் சட்டியோடு போனாள். போனவள் சும்மா போனாளா? "அக்கா, சோறு கொண்டாந்திருக்கேன், வா" என்று கூவித் தொலைத்தாள். தரகன் கூவிய மாதிரியே! "இன்னா, என்னையும் ஏத்தினு போவ வந்தியா?" என்று தனக்கோடி மண்ணை வாரி எறிந்தாள். தண்ணீர் ரங்கம்மாளின் மூக்கைத் தொட்டது. சட்டி மிதந்து போயிற்று.

மறுநாள் ரங்கம்மாள் வேறு மாதிரி போனாள். இறால் தடவுகிறவர்கள், பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்க வேண்டுமே. வாயில் பறி இருந்தால் வாக்கும் கொடுக்க முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. மடங்காத கையோடு துழாவிக்கொண்டிருந்த தனக்கோடியின் பக்கத்தில் உட்கார்ந்து தடவினாள். தண்ணீர் ஏறவில்லை. ஒரே வரிசையில் தடவினவர்களுக்குப் பாதிப் பாதி என்பது ஏரி வழக்கம். அது தர்மம் இல்லை, பங்கு. மூன்று நாள் தனக்கோடி பங்கைத் தொடவில்லை. நான்காம் நாள் எடுத்துக்கொண்டாள்.

இப்படியே பேச்சில்லாமல் இரண்டு வருடம் ஓடிற்று. ஒரு மார்கழிக் காலையில் தனக்கோடி தன் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "எம் பொண்ணு உசுரோட இருக்குமாடி?" இருக்கும் என்று சொல்ல ரங்கம்மாளுக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறந்தாள், பறி கவிழ்ந்து, காலை முழுக்கப் பிடித்த இறால் ஏரிக்கே போயிற்று. "தெரியலக்கா," என்றாள். "சத்தியமா தெரியல."

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. தனக்கோடி ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, தன் பறியிலிருந்த நான்கு இறாலில் இரண்டை ரங்கம்மாளின் பறியில் போட்டாள். ஒரே வரிசையில் தடவினவர்கள் அல்லவா.