மாமிக்குச் சொல்லாத நன்றி

"அம்மா புதன்கிழமை போறா. நீர் ஒருநாளும் அவவுக்கு நன்றி சொல்லேல்லையாம்."

"தாய்க்கு ஆர் நன்றி சொல்லுறது, எம்ரிஸ்? அது கடைக்காரனுக்கெல்லோ சொல்லுறது!"

"உங்கட ஊரில சரி. அவ இஞ்ச தான் பாரமா இருக்கிறன் எண்டு நினைக்கிறா."

"பாரமோ! ஐயோ, அவ போகக் கூடாதெண்டு பிள்ளையாருக்கு நேர்ந்து வைச்சிருக்கிறன்."

"பிள்ளையாருக்குச் சொன்னது போதும். அவவுக்குச் சொல்லும்."

முந்தின நாள் ட்ராமில் நடந்த இந்தப் பேச்சு யோகாவின் காதைவிட்டுப் போகவில்லை. எம்ரிஸ் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் கணக்குப் படிப்பித்த வேல்ஸ்காரன். அங்கேயே அவளைக் கைப்பிடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் மெல்பேர்னுக்கு அழைத்து வந்தான். பிள்ளை பிறந்தபோது யோகாவின் அம்மாவால் வர முடியவில்லை. வந்தவர் அவனுடைய அம்மா மேகன்.

வந்த மனுஷி சும்மாவா இருந்தார்? சம்பந்தி எழுதிய கடிதத்தை எம்ரிஸ் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, மல்லியும் மிளகும் வறுத்து, தும்மித் தும்மி இடித்து, முப்பத்தொரு நாளும் பத்தியக் கறி வைத்துக் கொடுத்தார். யோகா ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதுவே நன்றி என்று நினைத்திருந்தாள். 'எங்களோடு இருங்கள்' என்று கேட்கத்தான் இரண்டு மாதமாக வாய் வரவில்லை. வேல்ஸில் சொந்த வீடும் சிநேகிதிகளும் உள்ளவரை எந்த உரிமையில் மறிப்பது?

காலையில் பிள்ளையின் துணிகளை அலசியபடி எம்ரிஸிடம் வேல்ஸ் மொழி வினைச்சொல் ஒன்றைப் பாடமாக்கினாள். நன்றி சொல்வதற்கு 'தியோல்ஹ்'. நான் என்றால் தியோல்ஹவ், நீ என்றால் தியோல்ஹி, நாங்கள் என்றால் தியோல்ஹுன். 'உங்களுக்கு' என்பது 'இ ஹி'.

"எங்கட தமிழ் மாதிரித்தானே! ஆள் மாற வால் மாறுது."

"வால் சரி. தொண்டைதான் வரேல்ல. மீன்முள்ளுச் சிக்கின மாதிரிச் சொல்லும்."

"உங்கட பாஷைக்கு மீனும் வாங்க வேணுமோ?"

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் மேகன் கதிரையில் அமர்ந்து, பயணத்துக்கென ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தார். யோகா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"தியோல்ஹவ் இ ஹி, மாமி."

மேகனின் கைகள் அப்படியே நின்றன. "கறிக்காகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"நீங்கள் வந்ததற்கு."

மேகன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். கற்ற வேல்ஸ் மொழி அவ்வளவில் தீர்ந்துபோயிற்று. மிச்சத்தை யோகா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"புதன்கிழமை போக வேண்டாம், மாமி. எங்களோடேயே இருந்துவிடுங்கள்."