யோகேஸ்வரி கேட்ட குற்றம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒருவர் வந்து கேட்டு எழுதுவிப்பது. மகளின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் காலை, கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் கீழ்வீட்டு யோகேஸ்வரி படியேறி என்னிடம் வந்தார்.

"அண்ணை, நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. என்ர பிள்ளையை நான்தான் சாகடிச்சனான் எண்டு எழுதுங்கோ. பேரையும் போடுங்கோ."

சரி என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது? (முதல் வரி தானாகவே கையில் வந்து விழுந்துவிட்ட சந்தோஷமும் அந்தச் 'சரி'யில் இருந்தது. அதை ஒளித்துவிட்டு மேலே எழுத மனம் வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'வெள்ளவத்தையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் துஷ்யந்தியின் எலும்புகளுக்கு…' வேண்டாம். சாவீட்டில் கெட்டித்தனம் காட்டுகிற வரி.

இரண்டாவது: 'தலசீமியா என்பது பரம்பரையாக வரும்…' இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற அறிவித்தல்.

நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். யோகேஸ்வரியின் மகள் துஷ்யந்திக்குப் பிறந்து எட்டு மாதத்தில் தலசீமியா என்று கண்டுபிடித்தார்கள். நல்ல இரத்தத்தை உடம்பு தானாக உண்டாக்காது. மாதாமாதம் பிறருடைய இரத்தத்தை ஏற்றவேண்டும். அந்த இரத்தத்தோடு இரும்பும் உள்ளே போகும். அதை இறக்க மருந்து உண்டு. அப்படியும் மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் தோலிலும் படிந்துகொண்டே வரும்.

பன்னிரண்டு வயதில் பிள்ளையின் நிறம் சாம்பல் பூத்த கறுப்பாக மாறத் தொடங்கியது. ஒரு கலியாண வீட்டில், பந்தியில் பக்கத்திலிருந்த பெண் யோகேஸ்வரியிடம் கேட்டாள்: "என்னடியப்பா, உன்ர மகள் இப்பிடிக் கறுத்துப்போனாள்?"

அன்றிலிருந்து குடை. பள்ளிக்கூட வான் வண்டி நிற்கிற இடத்துக்கு முப்பது அடி; அதற்கும் குடை. யன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை. ஏ.எல். பரீட்சை முடிந்தபின் வெளியே போகிற தேவையும் இல்லாமற் போயிற்று. வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை செய்தாள். என் இரண்டு புத்தகங்களும் அவள் விரல்களால் ஆனவை. இந்தப் பக்கங்களைத்தான் நானே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன்.

யோகேஸ்வரியைக் கொடுமைக்காரியாக்க இது நல்ல இடம். எழுதியும் பார்த்தேன்: 'மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய உதடு…' விட்டுவிட்டேன். கணவர் கனடா போய்த் தொடர்பே அற்றுப்போன பிறகும், ஒரு மாதம்கூடத் தவறாமல், ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றும் விடுதியின் பிளாஸ்டிக் கதிரையில் காலை முதல் பொழுதுபடும்வரை இருந்தவர் அவர். அந்த உதடு கோணியதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

3

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தோய்த்த உடுப்பு வாளியைத் தூக்கக் குனிந்த துஷ்யந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, முதுகுக்குள்ள ஏதோ முறிஞ்சமாதிரி…"

எக்ஸ்றேயில் முள்ளந்தண்டின் இரண்டு எலும்புகள் நசிந்திருந்தன. இருபத்துநான்கு வயது. இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி ஆறு. இருபதுக்குக் கீழே போனாலே குறைவு என்றார் டொக்டர் ரிஸ்னா. பிறகு கேட்டார்:

"தங்கச்சி, மேல்ல வெயில் படுற மாதிரி வெளிய போறீங்களா?"

கேள்வி மகளுக்கு, பார்வை தாயில் நின்றது. யோகேஸ்வரி மடியிலிருந்த குடையைக் கதிரைக்குக் கீழே தள்ளினார்.

"ஓம் டொக்டர்," என்றாள் துஷ்யந்தி. "ஒவ்வொரு நாளும் கடற்கரைக்கு நடக்கப் போறனான்."

திரும்பி வரும்போது, திரீவீலருக்குள், ஒவ்வொரு குலுக்கத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மகளிடம் யோகேஸ்வரி கேட்டார்: "ஏன் பொய் சொன்னனீ?"

"அவ உங்களைப் பாத்துத்தானே கேட்டவ, அம்மா."

(உரையாடலை நான் திருத்தவில்லை. யோகேஸ்வரி இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் ஒரு சொல்லும் மாறவில்லை.)

4

மருந்து கொடுத்தார்கள். முதுகுக்குப் பட்டி போட்டார்கள். யோகேஸ்வரி யன்னல் சீலைகளைக் கழற்றினார். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு மகளைக் கைத்தாங்கலாக மெரைன் டிரைவுக்குக் கூட்டிப்போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, கடற்பக்கக் கற்கட்டின் மேல் இருத்தினார். போகிறவர்கள் பார்த்தார்கள். யோகேஸ்வரியும் அவர்களைத் திருப்பிப் பார்த்தார்.

நாற்பத்தொரு நாள். 'அந்த நாட்களில் துஷ்யந்தி மகிழ்ச்சியாக…' எனக்குத் தெரியாது. நோவோடு இருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

நாற்பத்திரண்டாம் நாள் காய்ச்சல். பிறகு கால் வீக்கம், மூச்சிழுப்பு. இதயம் களைத்துவிட்டது என்றார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் இருந்தாள். கடைசி நாள் தாயை உள்ளே விட்டபோது அவளுக்கு நினைவு இல்லை.

5

எழுதத் தொடங்கிய பிறகு, இது உண்மையில் தாயின் பிழைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. யோகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு டொக்டர் ரிஸ்னாவிடம் போனேன். குடை, சீலை எல்லாவற்றையும் யோகேஸ்வரியே சொல்லி ஒப்புக்கொண்டார். டொக்டர் கடைசிவரை கேட்டார்.

"அம்மா, மகள்ட ஈரல் முழுக்க இரும்பு. வெயில் பட்டிருந்தாலும் அந்த ஈரல் விற்றமினை ஒழுங்கா மாத்திக் குடுத்திருக்காது. வெளிய ஓடித்திரியிற பிள்ளைகளுக்கும் இந்தத் தலசீமியா வருத்தத்தில விற்றமின் டி எட்டு, பத்து எண்டுதான் வருது. ஹார்ட்டும் கனகாலமாப் பலவீனம். இது உங்கட பிழை இல்ல."

யோகேஸ்வரி அழுவார், பாரம் இறங்கும், கதை முடியும் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"அப்ப நான் என்ன செய்திருந்தாலும் இதுதானோ?"

"அப்பிடியும் சொல்ல ஏலாது. வெயில் கொஞ்சம் உதவியிருக்கலாம். எவ்வளவு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதெண்டா, முழுதையும் நான் எடுக்கிறன்."

வெளியே பஸ் தரிப்பிடத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிழை என்ர எண்டா, அவளைக் காப்பாத்த ஒரு வழி இருந்ததெண்டு ஆகும் அண்ணை. இல்லாட்டி, அவள் சும்மா செத்துப்போனாள்."

6

இப்போது என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

ஒன்றில் ஐந்தாம் பகுதி இல்லை. தாய் வெயிலை மறைத்தாள், மகள் முறிந்துபோனாள். வாசிக்கிறவர்கள் ஒரு பெண்ணைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடலாம். யோகேஸ்வரி கேட்டது அதைத்தான். அதைக் கொடுத்தால், டொக்டருக்கு முன்னால் அந்தப் பிள்ளை சொன்ன பொய்யை நான் வீணாக்குகிறேன்.

மற்றது நீங்கள் வாசித்தது. அதில் குற்றவாளி இல்லை. அதைக் கொடுத்தால், யோகேஸ்வரியிடம் மிஞ்சியிருப்பதையும் பறிக்கிறேன்.

(மூன்றாவதாக ஒன்று தொடங்கினேன். அதில் எலும்புக்கான சிகிச்சை முன்கூட்டியே ஆரம்பித்து, துஷ்யந்தி… இல்லை. முடியாது.)

இன்று ஞாயிற்றுக்கிழமை. யோகேஸ்வரி வந்திருக்கிறார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தாங்கோ அண்ணை, வாசிப்பம்" என்கிறார்.

இரண்டும் மேசையில் கவிழ்ந்து கிடக்கின்றன. நான் எழுதுகிறவன் மட்டும்தான், எதைக் கொடுப்பதென்று வாசித்த நீங்கள் சொல்லுங்கள். அவர் கையை நீட்டியபடி இருக்கிறார்.