புரட்டிப் போட்ட பை

 எண்ணூர் குப்பத்தில், மகிழினி தன் வீட்டு மொட்டைமாடியில், கருவாடு காயும் வலையின் ஓரமாக மூன்று பைகளைப் பரப்பியிருந்தாள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பை, உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் மஞ்சளாக ஒரு பாலிமர் தாள். தங்கம், பிளாட்டினம் எதுவும் கிடையாது. மலிவான ரசாயனத்தில் அவளே ஆய்வகத்தில் செய்து எடுத்தது. வெயில் பட்டால் அது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, குமிழ் குமிழாகக் குழாய் வழியே பாட்டிலுக்கு அனுப்ப வேண்டும். கிண்டியில் ஆய்வக மாடியில் சமர்த்தாக அனுப்பியது. இங்கே கொண்டுவந்த முதல் நாளும் அனுப்பியது. அப்புறம் நாளுக்கு நாள் குறைந்து, இன்று காலை சுத்தமாக நின்றுவிட்டது.

சாயங்காலம் பேராசிரியர் தமீம் பார்க்க வருகிறார். "வெளி வெயில்ல தாள் செத்துப்போச்சுன்னா இத்தோட விட்டுடலாம்மா, வேற தலைப்பு எடுத்துக்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அத்தனை வருஷ உழைப்பு! தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், குழாயை மாற்றிப் பார்த்தாள். ஊஹூம்.

மதியம் சோறு இறங்காமல் அவள் கீழே உட்கார்ந்திருக்க, அம்மா கன்னியம்மா கருவாட்டைப் புரட்ட மேலே போனாள். உச்சி வெயிலில் மாடி ஏறுகிறவர் யாராக இருந்தாலும், யார் வீட்டு மீனாக இருந்தாலும், புரட்டிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவது அந்தத் தெருவின் வழக்கம். போனவள் கொஞ்ச நேரத்தில் திருதிருவென்று விழித்தபடி இறங்கி வந்தாள்.

"கண்ணு, திட்டாத. வாளைய பொரட்டிகினே வந்தனா, கை போன போக்குல உன் பையையும் ஒண்ண பொரட்டிட்டேன்."

"யம்மா! உனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? அதுவே செத்துக் கெடக்குது, அத்தப் போயி..."

கத்திக்கொண்டே படியேறியவள் மாடியில் அப்படியே நின்றுவிட்டாள். புரட்டிப் போட்ட பையில் மட்டும் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டும் சும்மா கிடந்தன.

அப்படியானால் தாள் சாகவில்லை! பக்கத்துப் பையின் மேல் விரலை வைத்து இழுத்தாள். விரல் கருத்துப்போய் வந்தது. இழுத்த இடத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வருகிற நிலக்கரிச் சாம்பல் கடல் ஈரத்தோடு சேர்ந்து பையின் மேல்பக்கம் அப்பிக்கொண்டு, வெயிலை உள்ளே விடவேயில்லை. அம்மா புரட்டியதில் சாம்பல் படாத அடிப்பக்கம் மேலே வந்திருந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் முதல் நாளே துடைத்திருப்பாள். கொடியில் காய்ந்த துணியைச் சாம்பல் போக உதறி உதறியே கட்டி வளர்ந்தவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் பின்னாலேயே ஏறி வந்த கன்னியம்மா.

"சாம்பல்மா. அதான் வெயில மறைச்சிகினு கீது."

"இத்துக்கா இவ்ளோ பேஜாரு? சாம்பல் எப்பவும் கீறதுதானே?"

மகிழினி பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து பழைய துண்டால் துடைத்தாள். இரண்டு பைகளிலும் குமிழ் கிளம்பியது. கன்னியம்மா பக்கத்தில் குந்தி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இந்த கேஸ எரிச்சா இதுவும் சாம்பல் கக்குமா?"

"கக்காதும்மா. எரிஞ்சா தண்ணிதான் வரும்."

"தண்ணியா? நெசமாவா?"

"நெசமா."

கன்னியம்மா தன் கருவாட்டைப் பார்த்தாள். ஒரு வாளையை எடுத்து, அதன்மேல் படிந்திருந்ததை முந்தானையால் தட்டினாள். தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது.

"அப்போ இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?" என்றாள் மகளிடம். "உன் சாருக்குப் போனப் போட்டு இப்பவே வரச் சொல்லு."