துடைத்து அனுப்பிய பெட்டி

வின்சி எழுதி அனுப்பியது ஒன்றரை வரி. "பெட்டியில் குறை எதுவும் தென்படவில்லை. யாராவது கையால் அணைத்திருக்கலாம்." அனுப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போய் நிம்மதியாக மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தியின் வேலைக்கு அந்த ஒன்றரை வரி உலை வைக்கப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் பெட்டியோடு மல்லுக்கட்டியிருப்பாள்.

அவள் ராஜபாளையத்தில் வீட்டு மாடியறையில் இருந்தபடியே ஒரு கோயம்புத்தூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். பால் குளிர்விக்கும் நிலையங்களில் டேங்குக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டிகளை அந்தக் கம்பெனி செய்கிறது. கரண்ட் போனால் பெட்டி பேட்டரியில் ஓடும். பேட்டரி தாங்க வேண்டுமே, அதனால் திரையை அணைத்துவிட்டுத் தூங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே விழித்து, பாலின் சூட்டைப் பார்த்து, ஏறியிருந்தால் ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு, மறுபடி தூங்கும். கம்ப்யூட்டரின் அடிமடியில் ஓடுகிற மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். அந்தக் கர்னலுக்குள் இருந்துகொண்டு ஒவ்வோர் உறுப்பையும் தூங்க வைப்பதும் எழுப்புவதும் டிரைவர்கள் பாடு. அவற்றை எழுதுவது வின்சி. டிரைவர் வேலை என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லப்போய், "என்ன வண்டிம்மா ஓட்டுற?" என்று எதிர்வீட்டு ஞானரத்தினம் கேட்டார். அதிலிருந்து கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்துப் பெட்டி இரண்டு தடவை தூங்கி எழுந்திருக்கவே இல்லை. ஜெனரேட்டர் ஓடவில்லை. இரண்டு தடவையும் எண்ணூறு லிட்டர் பால் திரிந்து போனது. பெட்டிக்குள் பதிவாகியிருந்த கடைசி வரி "தூங்கப் போகிறேன்". அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பெட்டியைக் கழற்றி வின்சிக்கு அனுப்பினார்கள். மேஜையில் வைத்து முந்நூறு தடவை கரண்டைப் பிடுங்கிப் பார்த்தாள். முந்நூறு தடவையும் சமர்த்தாகத் தூங்கி சமர்த்தாக எழுந்தது. தூங்குகிற பெட்டியை யாராவது அணைத்தாலும் கடைசி வரி அதேதான் இருக்கும். ஆகவே அந்த ஒன்றரை வரி. பெட்டி திரும்பப் போய்ச் சுவரில் ஏறியது.

புதன்கிழமை ஒரு போன் வந்தது.

"வின்சி மேடமா? நான் வெங்கடேஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால் டேங்க் பாக்குறேன். பெட்டியோட வந்த சீட்டுல உங்க நம்பர் இருந்துச்சு."

"சொல்லுங்க."

"நான் அணைக்கல மேடம்."

வின்சிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. "நீங்கதான் அணைச்சீங்கன்னு நான் எழுதலையேம்மா" என்றாள்.

"யாராவதுன்னு எழுதிருக்கீக. அந்த ரெண்டு நாளும் டூட்டியில நான் மட்டுந்தான் இருந்தேன். உங்க பேப்பர மேனேஜர் படிச்சுக் காமிச்சுட்டு, சனிக்கெழமையோட நின்னுக்கச் சொல்லிட்டாரு. ஜெனரேட்டர் சத்தம் தாங்காம பெட்டிய அணைச்சுட்டு உறங்கிட்டேனாம். வேலை போனா வேற எங்கயாச்சும் போய்ப் பொழைச்சுக்கிடுவேன். ஏழு வருசத்துல டூட்டியில ஒரு நாளு கண்ணசந்தது கெடையாது மேடம். அவிய சொன்னாக்கூடப் போவுது, நீங்க என்னையப் பாக்காமலே எழுதிட்டீகளே."

வின்சிக்குச் சுருக்கென்றது. "வெள்ளிக்கிழமை நேர்ல வாரேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

பிறகு பெட்டியின் பழைய பதிவுகளை மறுபடி எடுத்து உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை கரண்ட் போயிருந்தது. ஏழு தடவை பெட்டி ஒழுங்காக எழுந்திருந்தது. எழாத இரண்டும் என்ன கிழமை என்று பார்த்தாள். இரண்டுமே வெள்ளி. வெள்ளி செவ்வாய் பார்க்கிற கம்ப்யூட்டரை அவள் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. டிரைவர் முழுக்கத் தேடினாலும் கிழமை என்று ஒரு சொல் கிடைக்காது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போனில் எதேச்சையாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நல்ல கூட்டம். கோயிலுக்குப் போகிற பெண்களுக்கு நடுவே லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே போய் இறங்கினாள். நிலையத்து மேனேஜர் சுப்புராஜ் வாசலிலேயே நின்றார். மனிதர் கறாரே தவிரக் கெட்டவர் இல்லை. சோதனைக்காக டேங்கரை முன்னதாக வரவழைத்து, காலைப் பாலை ஏற்றி அனுப்பி, டேங்கைக் காலியாக வைத்திருந்தார். "முதலாளிக்கு நான்தான் மேடம் பதில் சொல்லணும். மத்த நாள் பாக்குற பால்ச்சாமி டூட்டியில நிக்காத மெஷின், இவ டூட்டியில மட்டும் நிக்குதுன்னா நான் என்னன்னு எடுத்துக்கிடட்டும்?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது.

வெங்கடேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்றாள்.

வின்சி சுவரைப் பார்த்தாள். பெட்டியில் திரைக்கு மேலே சரியாக நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு. கை கிட்டே வந்தால் அது அறிந்து திரைக்கு வெளிச்சம் கொடுக்கும். அந்த மிளகைக் காணோம். அது இருந்த இடத்தில் எட்டணா அகலத்துக்கு ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இது யார் வச்சது?"

"நாந்தான். வெள்ளிக்கெழமை காலைல வந்ததும் டேங்க், மோட்டாரு, பெட்டி எல்லாத்துக்கும் வைப்பேன். பெட்டிக்கு அந்த எடந்தான் நெத்தி மாதிரி இருக்கு." வெங்கடேஸ்வரியின் குரல் இறங்கியது. "வைக்கக் கூடாதா?"

"எனக்கு அனுப்பும்போது இது இல்லையே. ஒரு சொட்டுக்கூட ஒட்டியிருக்கலையே."

"அனுப்புற அட்ரஸ்ல உங்க பேரப் பாத்தேன். வேதக்காரங்க வீட்டுக்குப் போற பெட்டி, பொட்டும் சந்தனமுமா அனுப்புனா நல்லாவா இருக்கும்னு, வெந்நியில துணிய நனைச்சு அழுத்தித் தொடைச்சுட்டுத்தான் குடுத்தேன்."

வின்சிக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய கிறிஸ்தவ வீட்டில் மனிதர்களே பொட்டு வைப்பதில்லை, இயந்திரத்துக்கு எங்கே வைக்கப்போகிறார்கள். மாதக்கணக்கில் மாடியறையில் உட்கார்ந்து தேடியிருந்தாலும் இது அகப்பட்டிருக்காது. இந்தப் பெண் மரியாதைக்காகத் துடைத்தது தனக்கான ஒரே சாட்சியை.

"அக்கா, இன்னுங்கொஞ்சம் சந்தனம் குழைச்சு ஈரமா வைங்க. பொறவு மெயினை அணைங்க."

அணைத்தாள். பெட்டி தூங்கியது. ஐந்து நிமிடத்தில் எழுந்தது. சுப்புராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவையும் எழுந்தது. மூன்றாவது தடவையும் எழுந்தது. வெங்கடேஸ்வரியின் முகத்தைப் பார்க்க வின்சிக்குத் தைரியம் வரவில்லை. நான்காவது தடவை ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று, திரை இருட்டாகவே கிடந்தது. சுப்புராஜ் கையை ஆட்டினார், தட்டினார், பெட்டி அசையவில்லை. தூங்கப் போகிறேன் என்று எழுதிவிட்டு உறைந்திருந்தது.

வின்சி தன் லேப்டாப்பில் டிரைவரைத் திறந்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதால் கால் மணிநேரத்தில் அகப்பட்டது. ஈரச் சந்தனம் காயக் காய அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குக் கை வருவதும் போவதுமாகத் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் அது டிரைவரைக் கூப்பிடுகிறது. பெட்டி தூங்கப் போகிற அந்த இமைப்பொழுதில் கூப்பிட்டுவிட்டால் வந்தது வினை. டிரைவர் சேதி கேட்கப் போகிற கம்பி ஏற்கெனவே தூங்கியிருக்கும். பதில் வராமல் டிரைவர் நகராது, டிரைவர் முடிக்காமல் கர்னல் நகராது.

"புரியும்படியா சொல்லுங்க மேடம்" என்றார் சுப்புராஜ்.

"குடும்பமே ஊருக்குக் கெளம்பி, வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்குதுன்னு வைங்க. ஒருத்தன் உள்ள மாட்டிக்கிட்டான். அவன் வராம இவங்க பஸ் ஏற மாட்டாங்க. இவங்க வந்து தெறக்காம அவன் வெளிய வர முடியாது. அம்புட்டுத்தான்."

சுப்புராஜ் யோசித்தார். "அப்ப பொட்டு வச்சதுலதான வந்துச்சு? எப்படிப் பாத்தாலும் இவ செஞ்ச வேலைதான?"

வெங்கடேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அணைத்தாள் என்ற பழி போய், பொட்டு வைத்துக் கெடுத்தாள் என்ற பழி வந்து நின்றது.

வின்சிக்கு அந்த நிமிடம் ஒரு சபலம் தட்டாமல் இல்லை. "கண்ணாடியின் மேல் அழுக்கு படியாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று இன்னொரு ஒன்றரை வரி எழுதிவிட்டால் கதை முடிந்தது. கம்பெனிக்கு அது பிடிக்கும். சுப்புராஜுக்கும் முதலாளியிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்கும். அந்த டிரைவரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது யார் என்று ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. எழுதியது அவள்தான். தூங்கும் முன் கண்ணாடியின் வாயை அடைக்க வேண்டும் என்கிற ஒரு வரியை அன்று அவள் விட்டுவிட்டாள்.

"இல்ல சார். பொட்டு இல்லாட்டி ஒரு பல்லி வந்து ஒக்காந்தாலும் இதேதான் நடந்திருக்கும். தப்பு டிரைவர்ல. அதை எழுதுனது நான்."

சொல்லி முடித்ததும் காது சூடேறியது. ஆனாலும் நெஞ்சில் புதன்கிழமையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது போய்விட்டது.

விட்டுப்போன வரியைச் சேர்த்து, பெட்டியில் ஏற்றினாள். இனி சோதிக்க வேண்டும். வெங்கடேஸ்வரி ஒவ்வொரு தடவையும் புதுச் சந்தனம் வைத்து மெயினை அணைத்தாள், போட்டாள். அணைத்தாள் என்று பழி சுமந்தவள் அன்று மேனேஜர் கண்ணெதிரே நாற்பது தடவை அணைத்தாள். சாயங்காலப் பால் வரும் நேரமாகிவிட்டது. நாற்பது தடவையும் பெட்டி எழுந்தது.

கர்னலில் கை வைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தோடு ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும். எந்தப் பழைய மாற்றத்தால் தப்பு வந்தது என்று ஒரு வரி, தப்பைத் தெரிவித்தது யார் என்று பெயரோடு ஒரு வரி. வின்சி முதல் வரியில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய தன்னுடைய மாற்றத்தைக் குறித்தாள். அப்புறம் நிமிர்ந்து, "அக்கா, உங்க இனிஷியல் என்ன?" என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"தப்பைச் சொன்னவங்க பேரு போடணும்."

"ஜி. அப்பா பேரு குருவையா." கொஞ்சம் தயங்கி லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். "இது எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"அழிக்கவே முடியாது. இந்தப் பெட்டி எந்த ஊர்ல ஓடுனாலும் அதோட சரித்திரத்துல இருக்கும்."

"அப்ப உங்க தப்பு?"

"அதுவும் அழியாது. உங்க பேருக்கு மேல் வரியிலதான் இருக்கு."

சுப்புராஜ் அந்தக் குறிப்பை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே போய், மறுவாரத்து டூட்டி அட்டவணையில் தான் அடித்திருந்த பெயரை மறுபடி எழுதிக்கொண்டு வந்து சுவரில் மாட்டினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "வெள்ளிக்கெழமை உனக்குத்தாம்மா" என்று மட்டும் சொன்னார்.

வின்சியை பஸ் ஏற்றிவிட வெங்கடேஸ்வரி முக்குவரை கூட வந்தாள். கையில் ஒரு பால்கோவாப் பொட்டலம். வேண்டாம் என்று சொல்லியும் பைக்குள் திணித்தாள்.

"நாளப்பின்ன பெட்டி மறுபடி கெட்டா உங்களுக்குத்தான வரும்?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான் வரும்."

"இனிமே தொடைக்காம அனுப்புறேன்."

"அப்படியே அனுப்புங்கக்கா" என்றாள் வின்சி. பஸ் வந்துவிட்டது.